நித்தியகல்யாணி: மூட்டைக்கு மூட்டை விலை மாறுவது ஏன்?

(பண்ணை வானொலிப் பேச்சு)



நம் தென்மாவட்டத்து மானாவாரி நிலங்களுக்கு நித்தியகல்யாணி நல்ல பயிர். சுடுகாட்டு மல்லி என்றும் இதைச் சொல்வார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, வறட்சி தாங்கும். ஓர் ஆண்டுக்குள் இரண்டு முறை இலை பறித்து, கடைசியில் வேரையும் எடுத்துவிடலாம். "எல்லாம் சரிதாங்க, ஒரே ஊர் சரக்குக்கு ஆளுக்கொரு விலை சொல்றாங்களே, அது ஏன்?" என்று பலர் கேட்கிறீர்கள். மூட்டை தொழிற்சாலைக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

இந்தச் செடிக்குள் ஆல்கலாய்டு என்னும் கசப்புப் பொருள்கள் நூறு வகைக்கு மேல் இருக்கின்றன. வேரில் உள்ள அஜ்மலிசின் ரத்த ஓட்டத்துக்கான மருந்து. இலையில் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று இரண்டு உண்டு. இரண்டும் புற்றுநோய் மருந்துகள். கனடா நாட்டில் நோபிள், பீர் என்னும் விஞ்ஞானிகள் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்து அறிவித்தார்கள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து.

ஆனால் இலையில் இவை இருப்பது மிகமிகச் சொற்பம். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதை எப்படிப் பிரிக்கிறார்கள்?

இலையைப் பொடித்து, சாராயம் அல்லது அமிலம் கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். சாறு இறங்குகிறது. அதைச் சுத்தம் செய்து வற்ற வைத்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கலவை கிடைக்கும். அதில் எல்லா ஆல்கலாய்டும் கலந்து கிடக்கும். இங்கேதான் குரோமட்டோகிராபி, அதாவது வண்ணப்பிரிகை, கைகொடுக்கிறது.

சந்தைக்குள் பத்துப் பேர் ஒன்றாக நுழைகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கடைக்குக் கடை நிற்பார். இன்னொருவர் எங்கும் நிற்காமல் நடப்பார். மறுபக்கம் வரும்போது ஆளுக்கொரு நேரம் ஆகும், இல்லையா? அதே கதைதான். நீளமான குழாயில் அலுமினா அல்லது சிலிக்கா பொடியை நிரப்பி, கலவையை மேலே விட்டு, கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பொடியோடு அதிகம் ஒட்டுகிற பொருள் மெதுவாக இறங்கும். ஒட்டாதது முதலில் வரும். வருகிற வரிசையில் தனித்தனியாகப் பிடித்துக்கொள்வார்கள். வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அவற்றைக்கூட இந்த முறையில் பிரித்துவிடலாம்.

இதே முறையில்தான் உங்கள் சரக்கையும் சோதிக்கிறார்கள். ஒரு சிட்டிகைப் பொடி போதும்; அதில் மருந்துச் சத்து எவ்வளவு என்று கருவி காட்டிவிடும். வேரோடு தண்டைக் கலந்தால் எடை கூடும், சத்து குறையும். அதை மறைக்க முடியாதுங்க.

ஆகவே சில யோசனைகள். இலையை நிழலில், காற்றாட, மெல்லிசாகப் பரப்பி உலர்த்துங்கள். ஈரத்தோடு கட்டிய மூட்டை பூசணம் பிடித்துவிடும். வேர் எடுக்கும் முன் இலேசாக நீர் பாய்ச்சி உழுதால், சல்லிவேர் அறுபடாமல் வரும். சத்து அதிகம் இருப்பது சல்லிவேரிலும் வேர்ப்பட்டையிலும்தான். அதை உதறி எறியாதீர்கள். மண் போகக் கழுவி உலர்த்துங்கள். இலை, தண்டு, வேர் மூன்றையும் தனித்தனியாகக் கட்டுங்கள். விற்கும்போது பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, வியாபாரி முன்னிலையில் இரண்டாகப் பிரித்துக் கட்டி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "சத்து இல்லை" என்று பேச்சு வந்தால் அதுதான் உங்களுக்குச் சாட்சி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. புற்றுநோய்க்கு மருந்தாகிற செடிதானே என்று வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். இந்தச் சத்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைக்கும், நரம்பைத் தாக்கும். மருத்துவர்கள் ஆளைப் பார்த்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பு ஊசியாகவே இதை ஏற்றுகிறார்கள். அடுப்பங்கரைக் கஷாயத்தில் அந்த அளவை யார் கண்டார்கள்? இலையைச் சுத்தமாக விளைவித்துக் கொடுப்பது நம் வேலை. மருந்தாக்குவது அவர்கள் வேலை.