பழைய லேப்டாப் ‘களஞ்சியம் கிடைக்கவில்லை’ என்கிறதா? ஐந்து படிகளில் சரிசெய்யலாம்

(கே.ஜி.கண்டிகையில் பொதுமக்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இங்கே காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்படி வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. அந்த லேப்டாப்கள் பல வீட்டில் இன்னும் பீரோ மேலே இருக்கு. அண்ணன் படிச்சது, இப்போ தங்கைக்கு வேணும்.

எடுத்துத் திறந்தால் லினக்ஸ் ஓடுது. ஆனால் புதுசா ஒரு மென்பொருள் போடலாம்னு ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று கட்டளை கொடுத்தால் வரிசையா பிழைச் செய்தி. உடனே “இது செத்துப்போச்சு, எடைக்குப் போடு” என்கிறார்கள். இல்லாவிட்டால் யாரிடமோ கொடுத்து ஃபார்மேட் செய்கிறார்கள். அதில் இருந்த சான்றிதழ் ஸ்கேன், குடும்பப் போட்டோ எல்லாம் போய்விடுகிறது. பெரும்பாலும் இதற்கு அவசியமே இல்லைங்க.

முதலில் விஷயத்தைப் புரிஞ்சுக்கலாம். உங்க போனில் பிளே ஸ்டோர் இருக்கிற மாதிரி, லினக்ஸுக்கு மென்பொருள் களஞ்சியம் என்று ஒரு சர்வர் உண்டு. ‘ஆப்ட்’ என்பது அங்கே போய்ச் சரக்கு வாங்கி வரும் ஆள். ரேஷன் கடைக்குப் போய் வெறும் பையோடு திரும்பினால் என்ன கேட்போம்? வழி அடைச்சிருந்ததா, கடை இடம் மாறிட்டதா, கார்டு செல்லாதுன்னு சொன்னாங்களா? இங்கேயும் அதே கேள்விகள்தான். திருத்தணி மலைக்கு 365 படி ஏறுகிறோம், இதற்கு ஐந்தே படி போதும். ஆனால் வரிசை மாறாமல் ஏறணும்.

முதல் படி: நெட் வருதா? பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்க. வரலைன்னா, போனை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ ஆன் பண்ணுங்க. வைஃபை சரியா வேலை செய்யாத பழைய லேப்டாப்பிலும் பெரும்பாலும் இது வேலை செய்யும்.

இரண்டாம் படி: பெயர் தெரியுதா? ‘டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங்’ என்று வந்தால், களஞ்சியத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ‘பிங்’ கட்டளையில் 8.8.8.8 என்று கொடுங்க. அதற்குப் பதில் வந்து, இணையதளப் பெயருக்கு மட்டும் பதில் வரலைன்னா கோளாறு இதுதான். நெட்வொர்க் செட்டிங்ஸில் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டு, இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்க.

பிரவுசர் நன்றாகத் திறக்குது, ஆப்ட் மட்டும் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்கிறதா? கல்லூரி லேபில் போட்ட பழைய ப்ராக்ஸி அமைப்பு ஆப்ட்டுக்குள் தங்கியிருக்கலாம். ஈ.டி.சி. ஃபோல்டரில், ஆப்ட் என்ற ஃபோல்டருக்குள் ‘ப்ராக்ஸி’ என்று இருக்கும் வரியைத் தேடி நீக்குங்க.

மூன்றாம் படி: தேதி சரியா? பல பேர் கவனிக்காதது இது. பல வருஷம் சும்மா கிடந்த லேப்டாப்பில் கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி தீர்ந்துபோகும். தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். அப்போது ‘ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்’ என்று வரும். களஞ்சியத்தின் பட்டியல் எதிர்காலத்தில் தயாரானது போல லேப்டாப்புக்குத் தெரிகிறது, அதனால் ஏற்க மறுக்கிறது. போனைப் பார்த்து தேதி, நேரத்தைச் சரிசெய்யுங்க. சில சமயம் இதோடவே வேலை முடிஞ்சிடும்.

நான்காம் படி: கடை இடம் மாறிட்டதா? ‘404 நாட் ஃபவுண்ட்’ என்றால் சர்வர் இருக்கு, நீங்க கேட்கிற பதிப்பு அங்கே இல்லை. 2011-ல் வந்த டெபியன் 6-க்கு நீண்டகால ஆதரவு 2016-ல் முடிந்தது. 2013-ல் வந்த டெபியன் 7-க்கு 2018-ல் முடிந்தது. ஆதரவு முடிந்த பதிப்புகளை டெபியன் ஒரு தனி ஆவணக் காப்பக சர்வருக்கு மாற்றிவிடுகிறது. ‘சோர்ஸஸ் டாட் லிஸ்ட்’ கோப்பை முதலில் நகல் எடுத்து வைத்துவிட்டு, அதில் காப்பக முகவரியைப் போட்டால் பழைய மென்பொருள்கள் கிடைக்கும். பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெபியன் முகவரியை அப்படியே கலக்க வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதி, ஓடுவதும் நின்றுவிடலாம்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். காப்பகத்தில் இருப்பது பழைய சரக்கு. புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. அதில் வங்கிக் கணக்கோ, ஆதாரோ திறக்காதீங்க. கோப்புகளை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, ஆதரவு உள்ள புதிய டெபியன் அல்லது பாஸ் பதிப்பை நிறுவுவதே நிரந்தரத் தீர்வு. நினைவகம் குறைவான லேப்டாப் என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. அல்லது எல்.எக்ஸ்.டி.இ. போன்ற எளிய திரைச்சூழலைத் தேர்ந்தெடுங்க.

ஐந்தாம் படி: கையொப்பம் சரியா? ‘நோ பப்கீ’ என்று வந்தால், வந்த பட்டியலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி உங்க லேப்டாப்பில் இல்லை. இங்கேதான் ஆபத்து. “சோர்ஸஸ் டாட் லிஸ்டில் ‘டிரஸ்டட் ஈக்வல்ஸ் எஸ்’ என்று போடு, சரியாகிடும்” என்று யாராவது சொல்வார்கள். பிழைச் செய்தி மறையும், உண்மைதான். ஆனால் சோதனையையே நிறுத்திவிட்டீர்கள். இ-சேவையில் வாங்கிய வருமானச் சான்றிதழில் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்க்காமல் யாராவது ஏற்பார்களா? அதே மாதிரிதான். சாவி அடங்கிய ‘கீரிங்’ தொகுப்பை அந்த இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் எடுத்துப் போடுங்க.

இவ்வளவும் செய்து முடியலைன்னா, பிழைச் செய்தி முழுவதும் தெரிகிற மாதிரி போனில் போட்டோ எடுத்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்க. “நெட் வரலை” என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. அந்த ஒரு வரிதான் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வக் குழுக்களிடம் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் கிடையாது. ஓ.டி.பி., கடவுச்சொல் எதையும் யாரிடமும் சொல்லாதீங்க. லேப்டாப் சரிசெய்ய அவை தேவையே இல்லை.

உதவித்தொகை விண்ணப்பம், போட்டித் தேர்வுப் பாடம், தட்டச்சுப் பயிற்சி, இதெல்லாம் சின்னத் திரையைவிட லேப்டாப்பில் செய்வது எளிது. வீட்டில் ஒன்று இருந்தால் எடைக்குப் போடும் முன், இந்த ஐந்து படியை ஒருமுறை ஏறிப் பாருங்க.