கினீசியாலஜி படிப்பு: கல்லூரி மாறும் முன் போட வேண்டிய கணக்கு

(பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோருக்காக நம் சமுதாயக் கூடத்தில் நடந்த கல்வி வழிகாட்டல் சந்திப்பில், பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. செயலாளர் சார், "உங்க வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்க, அது போதும்" என்றார். எங்கள் மகள் கலிஃபோர்னியாவில் கினீசியாலஜி படிக்கிறாள். இங்கேயும் விளையாட்டில் ஆர்வமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகள் அந்தப் படிப்பை விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்களுக்கு ஒரு வருஷம் வீணானது. உங்களுக்கு ஆகக் கூடாது. அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் இது என்ன படிப்பு என்று பார்ப்போம். கினீசியாலஜி என்றால் உடல் இயக்கத்தைப் பற்றிய அறிவியல். ஓடும்போது இதயமும் தசையும் என்ன செய்கின்றன, மூட்டில் எவ்வளவு விசை விழுகிறது, புதிய அசைவை மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது, இதையெல்லாம் படிக்கிறார்கள். பி.டி. மாஸ்டர் படிப்பு என்று நினைத்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல், இயற்பியல், புள்ளியியல் எல்லாம் உண்டு.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த டிகிரி மட்டும் முடித்தால் பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகு டி.பி.டி. என்ற டாக்டர் பட்டம் படிக்க வேண்டும். அது பொதுவாக இன்னொரு மூன்று வருஷம். விளையாட்டு வீரர்களின் காயத்தைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெயினர் ஆவதற்கும் இப்போது முதுகலை தேவை. நம் ஊருக்குத் திரும்பி கிளினிக் வைக்கலாம் என்று நினைத்தால், இங்கே அதற்குரிய படிப்பு பி.பி.டி. ஆகவே பிள்ளையிடம் முதலில், "கடைசியில் என்ன வேலை பார்க்கப் போறே?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் இருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும்.

இப்போது கல்லூரி மாறும் விஷயம். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. முதல் இரண்டு வருஷம் அங்கே படித்துவிட்டு, மீதி இரண்டு வருஷத்தைக் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகம் ஒன்றில் முடிக்கலாம். சான் ஹோசே, ஃபுல்லர்டன், சான் டியேகோ போன்ற வளாகங்களில் கினீசியாலஜி இருக்கிறது. கணக்கு எளிது: இங்கே 60 யூனிட், அங்கே 60 யூனிட், மொத்தம் 120. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 60 யூனிட் சேர்ந்தால் போதும், எந்த யூனிட் என்று பார்க்கவில்லை.

என் மகள் முதல் செமஸ்டரில் ஆங்கிலம், நடனம், உளவியல் என்று விருப்பப்பட்டதை எடுத்தாள். மார்க்கும் நன்றாக வந்தது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். இரண்டாம் செமஸ்டரில் அனாடமி எடுக்கப் போனால், அதற்கு முன் பயாலஜி முடித்திருக்க வேண்டும் என்றார்கள். சரி என்று பயாலஜி எடுத்தாள். மூன்றாம் செமஸ்டரில் அனாடமி லேபில் இடம் நிறைந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தும் கிடைக்கவில்லை. நான்காம் செமஸ்டரில்தான் கிடைத்தது. அனாடமி முடித்த பிறகுதான் பிசியாலஜி. அவள் விரும்பிய வளாகமோ இரண்டையும் முடித்துவிட்டு வா என்கிறது. இப்படி இரண்டு வருஷம் மூன்று வருஷமாகிவிட்டது.

அந்த ஒரு வருஷமும் சும்மா இருக்க முடியாது. மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டருக்கு 12 யூனிட் படித்தே ஆக வேண்டும். தேவையில்லாத பாடங்களுக்கும் பணம் கட்டினோம். அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். வெளியிலிருந்து வருபவர்களுக்கு அதைப் போலப் பல மடங்கு. இதில் இன்னொரு வேதனை: கம்யூனிட்டி காலேஜிலிருந்து அதிகபட்சம் 70 யூனிட்தான் டிகிரிக் கணக்கில் சேரும். அதற்கு மேல் படித்த பாடம் பதிவில் இருக்கும், யூனிட் சேராது.

கல்லூரியைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் அவர்கள் வலைத்தளத்தில் எழுதியிருந்தது. நாங்கள்தான் கடைசியில் படித்தோம்.

எனவே, திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். போக விரும்பும் வளாகம் எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். இதற்கென்றே "அசிஸ்ட்" என்ற அதிகாரபூர்வ வலைத்தளம் இருக்கிறது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம், எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்று அதில் வரிசையாகப் பார்க்கலாம். மூன்று வளாகங்களுக்காவது எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பதை முதலில் படிக்க வேண்டும்.

எங்களுக்கு இப்போது புரிந்த வரிசை இது. முதல் செமஸ்டரிலேயே அனாடமிக்கு முன் கேட்கும் பயாலஜி அல்லது வேதியியலையும், ஆங்கிலக் கட்டுரையையும், கினீசியாலஜி அறிமுகத்தையும் எடுத்துவிடுங்கள். இரண்டாவதில் அனாடமியும் புள்ளியியலும். மூன்றாவதில் பிசியாலஜி. நான்காவதில் மிச்சப் பாடங்கள். நீச்சல், நடனம், குழு விளையாட்டு போன்ற செய்முறை வகுப்புகளை இடையில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொள்ளலாம். கட்டுரை, மேடைப் பேச்சு, விமர்சனச் சிந்தனை, கணிதம், இந்த நான்கும் கட்டாயம். நான்கிலும் சி மைனஸுக்குக் குறையக் கூடாது. ஆகஸ்ட் சேர்க்கைக்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதாவது சேர்ந்த இரண்டாம் வருஷத் தொடக்கத்திலேயே.

கினீசியாலஜியில் "அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்" என்று ஒன்று உண்டு. 2010-ல் வந்த சட்டத்தின்படி அமைந்தது. அதை முடித்தவர்களுக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டி அமைப்பில் எங்காவது ஒரு வளாகத்தில் இடம் உண்டு. நினைத்த வளாகத்தில்தான் என்ற உத்தரவாதம் இல்லை. வெளிநாட்டு மாணவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அந்தந்த வளாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள்.

டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற சில கல்லூரிகளில் செமஸ்டர் கிடையாது, குவார்ட்டர் முறை. அங்கே 90 யூனிட் படித்தால்தான் 60 செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம். கணக்குப் போடும்போது கலந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு வருஷம் பி.எஸ்ஸி. அல்லது பி.பி.டி. படித்துவிட்டுப் போகிறவர்கள், மார்க் ஷீட்டோடு பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையுடன் வாங்கிக்கொண்டு போங்கள். லேப் எத்தனை மணி நேரம் என்பது அதில் இருக்க வேண்டும். அனாடமிக்கு லேப் இல்லையென்றால் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். அங்கே போன பிறகு இந்தக் காகிதத்துக்காக இங்கே நாம் அலைய வேண்டியிருக்கும்.

கல்லூரி மாறும்போது மாணவரின் செவிஸ் பதிவைப் பழைய கல்லூரி விடுவித்து, புதியது ஐ-20 தர வேண்டும். விசாவில் காலம் மிச்சம் இருந்தாலும் இது அவசியம். அட்மிஷன் வந்த உடனே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தாமதமான அந்த வருஷத்தில் என் மகள் ஒரு நாள் போனில், "அம்மா, நான் ஃபெயில் ஆகலை. ஆனா ஃபெயில் ஆன மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணம் போனதை விட அந்த வார்த்தைதான் இன்னும் மனதில் நிற்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, வரிசை தெரியாததால் மட்டும் பின்தங்கக் கூடாது.

இப்போது வளாகம் மாறிவிட்டாள். பயோமெக்கானிக்ஸ் படிக்கிறாள். போன வாரம் வீடியோ காலில் அவள் அப்பாவை ஹாலில் நடக்கச் சொல்லி, "வலது முழங்கால்ல பாரம் அதிகம் போடுறீங்க அப்பா" என்றாள். அவர் அதிலிருந்து மாடிப்படியைப் பார்த்து இறங்குகிறார்.

கினீசியாலஜி யோசிக்கும் வீடுகள் எதுவானாலும் மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். நாங்கள் பட்டியல் போட்ட நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் அடித்துத் திருத்திய இடங்கள்தான் உங்களுக்கு அதிகம் உதவும்.