அளந்த பிறகே மாத்திரை: நுண்சத்துக் குறைபாடும் முடி உதிர்வும் (மாநாட்டுத் தலைமை உரை)

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர் பருவத்தில் இருக்கும்; மீதி, மூன்று மாதம் போல ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி என உடல் பெரிதாக அடிபடும்போது வளர் பருவத்து முடிகள் திரளாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டுகின்றன. ஆல்பர்ட் கிளிக்மன் 1961-இல் இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார்.

தோல் மருத்துவர்களும் ஊட்டச்சத்து அறிஞர்களும் நிறைந்த அவையில் அடிப்படையை இதற்கு மேல் விரிப்பது மிகை. நுண்சத்துகளில் துத்தநாகத்தின் கதை அனைவரும் அறிந்தது: பிறவியிலேயே குடல் அதை உறிஞ்சாத குழந்தைகளுக்கு முடி கொட்டி, வாயைச் சுற்றிப் புண்ணாகும். அந்நோய்க்குத் துத்தநாகமே மருந்து என்று 1970-களில் மொய்னஹன் காட்டினார். வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை, மயிர்க்காலுக்கு இன்றியமையாதது அதன் ஏற்பி என்பது உறுதி. மாத்திரையால் முடி வளரும் என்பது அந்த அளவுக்கு உறுதியானதன்று. வைட்டமின் ஏ-யும் செலினியமும் மிகுந்தாலும் முடி உதிரும். 2008-இல் அமெரிக்காவில் செலினியம் அளவு தவறிய ஒரு சத்துத் திரவம் 201 பேரைப் பாதித்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு முடி கொட்டியது.

நீண்ட காலமாகத் தீராமல் கிடக்கும் வழக்கு இரும்புச்சத்தைப் பற்றியது. ரத்தசோகை இல்லாமலே இரும்பு குறைந்து, அதனால் பெண்களுக்கு முடி உதிரலாம் என்று ஸ்வீடனைச் சேர்ந்த ஹார்ட் 1963-இல் எழுதினார். இன்று அதிகம் பேர் புரட்டாத அந்தக் கட்டுரைதான் இந்த விவாதத்தின் தாய். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புக் கையிருப்பு வற்றியிருக்கலாம் என்பதைத் தோல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது அது. பின்னர் ரஷ்டன் போன்றோர், அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் லிட்டருக்கு 70 மைக்ரோகிராமைத் தொட வேண்டும் என்றனர். 2006-இல் டிராஸ்ட், பெர்க்ஃபெல்ட் ஆகியோரின் ஆய்வுத் தொகுப்பும் அதையே பரிந்துரைத்தது. மறுபக்கம், 2002-இல் சின்கிளேர், தாழ்ந்த ஃபெரிட்டினுக்கும் நாட்பட்ட முடி உதிர்வுக்கும் தெளிவான தொடர்பு இல்லை என்றார். 2010-இல் ஓல்சன் குழுவும் ஏறக்குறைய அவர் பக்கமே நின்றது.

இரு தரப்பும் மதிப்புக்குரியவை. ஆனாலும் இரு தரப்புச் சான்றுகளையும் கூர்ந்து படித்தாக வேண்டும். 'ஆம்' என்போர் மேற்கோள் காட்டும் 2003-ஆம் ஆண்டுக் கேன்டர் கட்டுரையில் ஃபெரிட்டின் குறைந்திருந்தது பெண்களின் பரம்பரை வழுக்கையிலும் புழுவெட்டிலும்தான். டெலோஜன் எஃப்ளூவியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. அந்த அட்டவணையைப் பாராமல் அதையே டெலோஜன் எஃப்ளூவியத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது முறையன்று. 'இல்லை' என்போரின் நிலையும் அப்படித்தான். சின்கிளேரின் 194 பெண்களில் ஃபெரிட்டின் 20-உம் அதற்குக் கீழும் இருந்தவர்கள் 12 பேர் மட்டுமே. அந்தப் பன்னிரண்டு பேரின் மேல் எழுந்த முடிவை, ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் ரத்தசோகையுடன் வாழும் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது.

70 என்ற எண்ணிலும் ஒரு குழப்பத்துக்கு இடமுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் நலமான பெரியவர்களுக்கு 15-ஐயும், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70-ஐயும் எல்லையாக வைத்தது. அழற்சியில் ஃபெரிட்டின் தானே ஏறிவிடும் என்பதே அதற்குக் காரணம். முடிக்காகச் சொல்லப்பட்ட 70 வேறு, இந்த 70 வேறு. ஒன்று மற்றதற்குச் சாட்சியாகாது. இப்போதுள்ள சான்றுகள் அனுமதிக்கும் தீர்ப்பு இவ்வளவே: 30-க்குக் கீழ் இருந்தால் இரும்பு கொடுக்கப்பட வேண்டும், முடி வளர்ந்தாலும் வளராவிட்டாலும். 30-க்கும் 70-க்கும் இடையில் முடிக்காக மட்டும் மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

இனி, இத்தகைய அளவீடுகளையே கெடுக்கக்கூடிய பயோட்டின் என்ற வைட்டமின். புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் காணும் காட்சி: ஒரு வாரம் சீப்பில் வந்த முடியைச் சுருட்டி பாலிதீன் கவரில் கொண்டுவந்து ஒரு பெண் மேசைமேல் வைக்கிறார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வேர்முனையில் குண்டூசித் தலைபோல ஒரு வெள்ளைக் குமிழ். ஓய்வுப் பருவ முடி. மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு டெங்கு வந்திருந்தது. கைப்பையில் ஒரு பயோட்டின் பாட்டில்; மாத்திரைக்கு 10,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க அளவுகோல். பயோட்டினால் முடியோ நகமோ தேறியதாக இலக்கியத்தில் பதிவான 18 நேர்வுகளை 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று ஆராய்ந்தது. அத்தனை பேருக்கும் அடிப்படையில் வேறொரு கோளாறு இருந்தது. காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடி, காரணம் நீங்கினால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் தானே நின்றுவிடும். அந்தப் பெருமை மாத்திரைக்குப் போய்ச் சேருகிறது.

செலவு வீண் என்பதோடு இது முடிவதில்லை. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடினையும் பிணைத்தே ரத்தத்தை அளக்கின்றன. ரத்தத்தில் மிகுந்து நிற்கும் பயோட்டின் அந்தப் பிணைப்பைக் குலைக்கிறது. அத்தகைய கருவிகளில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், தைராக்சின் பொய்யாக உயர்ந்தும் தெரியும். தைராய்டு நோயே இல்லாதவர் தைராய்டு நோயாளியாகத் தோன்றுவார். ஃபெரிட்டின் பொய்யாகக் குறையலாம், வைட்டமின் டி பொய்யாக உயரலாம். முடி உதிர்வுக்காக எழுதப்படும் சோதனைகள் ஏறக்குறைய இவை அனைத்துமே. 2017 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து ஓர் உயிர் போனதையும் பதிவு செய்தது.

ஆகவே இம்மாநாட்டின் முன் ஒரு கோரிக்கை வைக்கப்படுகிறது. ரத்தப் பரிசோதனைப் படிவத்தில், 'பயோட்டின் கடைசியாக எடுத்த நாள்' என்று ஒரு வரி அச்சிடப்பட வேண்டும். இவ்வளவு பெரிய அளவில் பயோட்டின் எடுப்பவர்களுக்கு, குறைந்தது மூன்று நாள் நிறுத்திய பிறகே ரத்தம் எடுக்கப்பட வேண்டும். நாளை மாலை நிறைவு அமர்வு கலைவதற்குள் இதை அவை தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டும்.