பேயும் பேதி மருந்தும்
(கூமாப்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவு)



ஈரல் சுருங்கிப்போன நோயாளி ஒருவர் ராத்திரி முழுவதும் விழித்திருந்து பிதற்றுகிறார். பகலில் தூங்குகிறார். கை உதறுகிறது. பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். உடனே நம்மவர்கள் பேய் பிடித்ததென்று கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கை அடிக்கச் சொல்லுகிறார்கள். தோழர்களே! அது பேயுமல்ல, பிசாசுமல்ல. குடலில் உண்டாகும் அம்மோனியா முதலிய விஷங்களை முறிப்பது ஈரலின் வேலை. அது முடியாமற் போனால் விஷம் மூளைக்கு ஏறுகிறது. மலச்சிக்கல் இருந்தாலோ இன்னும் சீக்கிரம் ஏறும்.

இதற்காகத்தான் டாக்டர் லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்தைக் கொடுக்கிறார். தினம் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகவேண்டும் என்பதே அதன் கணக்கு. நம்மவர்களோ "வயிறு போகிறது" என்று தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். போவதற்குத்தானே ஐயா மருந்து! மிஞ்சிப் போனால் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டுமேயொழிய, மருந்தை நிறுத்திவிட்டுக் கோடாங்கிக்குச் சேவல் வாங்குவதா?

"கீழாநெல்லி இருக்க மாத்திரை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கீழாநெல்லிக்கு நாம் விரோதியல்ல. சென்னையில் தியாகராஜன் முதலானவர்கள் அதைப் பி வகைக் காமாலைக் கிருமி உடையவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததென்று 1988-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். பிறகு வெளிதேசங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சோதித்ததனால்தான் இது தெரிந்தது. சாதாரண ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தீர்ந்துவிடும். பேர் மட்டும் மந்திரித்தவனுக்குப் போகிறது! பி வகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தினால், கிருமி மறுபடி கிளம்பி உயிருக்கே உலை வைக்கும்.

நாற்று நட்டு இடுப்பு வலித்தால் கடையில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்குகிறோமே, ஈரல் கெட்டவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த வாந்தியும் கொண்டுவரும். தூக்க மாத்திரையோ பிதற்றலை வளர்க்கும். பாரசிட்டமால்கூட ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்கு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு, மேற்படக் கூடாது. அதையும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டைகள், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக்கொண்டு அட்டையின்மேல் காலை, ராத்திரி என்று எழுதிக்கொள்ளலாம். இரத்த வாந்தி, தார்போல் கருப்பு மலம், பிதற்றல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-க்குச் சொன்னால் காசில்லாமல் வண்டி வரும்.