விலை தெரியும், விலை சொல்ல முடியாது

நான் தலைமையேற்கும் இந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, மஞ்சூர் எனப் பல பக்கங்களிலிருந்தும் விடியற்காலையிலேயே புறப்பட்டுப் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் உதகை வந்து சேர்ந்திருக்கிறார்கள். சிறு, குறு தேயிலை விவசாயிகள் சிலரும் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும் கூட்டங்கள் பல நடந்திருக்கின்றன. அவர்களும் கட்டுரை வாசிக்கும் கூட்டம் இது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

திறன்பேசியும் சமூக ஊடகமும் நீலகிரியின் அன்றாட வாழ்வையும் வணிகத்தையும் எப்படி மாற்றியிருக்கின்றன என்பதே நம் பொருள். மாற்றியிருக்கின்றனவா என்ற கேள்வியில் நேரம் போக்க வேண்டியதில்லை. யாருடைய வாழ்வை, எந்தத் திசையில் மாற்றின என்பதைத்தான் பார்க்க வேண்டும். கைபேசி எல்லாருக்கும் ஒரே வேகத்தில் செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கையில் கிடைத்த செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடிகிறது என்பதில்தான் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் மலையளவு வேறுபாடு இருக்கிறது. இதைப் பச்சைத் தேயிலையிலிருந்தே தொடங்குகிறேன்.

பொருளியல் படித்தவர்கள் ராபர்ட் ஜென்சனின் ஆய்வை அறிவீர்கள். 2007இல் வெளிவந்தது. கேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கடற்கரைகளில் 1997 முதல் கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது மத்தி மீன் வணிகத்துக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கணக்கெடுத்தார். அதற்கு முன்பு ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளி அடுத்த துறையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். கைபேசி வந்ததும் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை உள்ள துறைக்குப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றுபோனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. தகவல் தொழில்நுட்பம் ஏழைக்கு உதவும் என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஆய்வு இது.

அதே கைபேசி இந்த மலைக்கும் வந்தது. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. முன்பெல்லாம், வாரந்தோறும் வியாழன், வெள்ளிகளில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போனது என்பதைத் தரகரும் ஆலை முதலாளியும் அன்றைக்கே அறிவார்கள். ஹட்டி எனப்படும் படுகர் ஊரில் இருக்கும் விவசாயிக்கு அது நாளிதழ் வழியாகவோ ஆலையில் கேட்டுவந்தவர் வாய்வழியாகவோ பின்னால்தான் வரும். இன்று ஏலம் மின்னணு முறையில் நடக்கிறது. விற்ற அளவு, சராசரி விலை, தேங்கிய சரக்கு எல்லாம் மாலைக்குள் வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்துவிடுகின்றன. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையும் அறிவித்த சற்று நேரத்திலேயே எல்லார் கையிலும் இருக்கிறது. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஏலச் சந்தையின் நிலவரம் தெரியும்.

ஆனால் அவர் படகைத் திருப்ப முடியாது. காலையில் கிள்ளிய கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும். சாக்கில் அடைத்து வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். மாலை நான்கு மணிக்குச் சாலையோரக் கொட்டகையில் நின்று பாருங்கள். தலைச்சுமையாகச் சாக்குகள் வந்து இறங்குகின்றன. தராசில் ஏற்றுகிறார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கென்று இத்தனை கிலோ கழித்துச் சீட்டில் எழுதுகிறார்கள். வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, ஏற்றினால் உண்டு, இல்லையென்றால் இலை குப்பை. வரிசையில் நிற்கும் பெண்ணின் சட்டைப்பையில் கைபேசி இருக்கிறது, அதில் குன்னூர் விலையும் இருக்கிறது. அந்த விலையைக் காட்டி அவர் யாரிடம் பேரம் பேசுவார்? அந்தப் பாதையில் வருவது ஒரே வண்டி. இலைக்கான பணம் எவ்வளவு என்பது பல நாள் கழித்துத்தான் தெரியவரும்.

ஆகவே ஜென்சன் கண்ட நன்மை கைபேசியால் மட்டும் வந்ததல்ல. படகு மீனவர் கையில் இருந்தது, அடுத்த துறை எட்டும் தொலைவில் இருந்தது. அவை இருந்ததால் செய்தி பணமானது. இங்கே செய்தி வந்தும் விவசாயி விற்கும் இடம் மாறவில்லை. 1990களின் இறுதியில் தூள் விலை சரிந்து மலை முழுதும் தவித்தபோது விவரம் தெரியாமல் ஏமாந்தோம் என்று சொல்ல முடிந்தது. இன்று ஏமாறுகிறவருக்கு எல்லா விவரமும் தெரிகிறது. 2023இல் கோத்தகிரிப் பக்கம் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு குறைந்தபட்ச விலை கேட்டுப் படுகர் ஊர்களிலிருந்து விவசாயிகள் திரண்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். எவ்வளவு கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. திரள்வதற்கும் கைபேசி உதவியது. விலையைத் தீர்மானிக்கும் மேசையில் மட்டும் அதற்கு நாற்காலி இல்லை.

விதிவிலக்குகளும் இருக்கின்றன, அவற்றை நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர் சுற்றுப்புறத்தில் கையால் உருட்டிய தேயிலை, வெள்ளைத் தேயிலை என்று சிறிய அளவில் செய்து, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு நேரடியாகச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறவர்கள் உருவாகியிருக்கிறார்கள். தங்கள் இலையைத் தாங்களே பதப்படுத்துவதால் அவர்களுக்குச் செய்தி பயன்படுகிறது. உலர்ந்த தேயிலை காத்திருக்கும், பச்சை இலை காத்திருக்காது. 1960களில் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளைத் தொடங்கியவர்கள் புரிந்துகொண்டதும் இதைத்தான். கூட்டுறவு ஆலைகளின் இணையமான இன்ட்கோசர்வின் கீழ் இன்றும் அந்த ஆலைகள் இருக்கின்றன. அவற்றைச் சரியாக நடத்துவது எந்தச் செயலியையும் விட விவசாயிக்கு அதிகம் தரும் என்பது என் உறுதியான கருத்து. நாளைய விவாதத்தில் இதை மறுப்பவர்கள் இருந்தால் அவர்களுடைய கணக்கைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

சுற்றுலாவைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன், அதற்கு ஐந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒரு வளைவில் நின்று எடுத்த முப்பது விநாடி ரீல்ஸ் ஒரு வாரத்தில் அந்த வளைவை வாகன நிறுத்தமாக்கிவிடுகிறது. யாரும் திட்டமிட்டு அழைக்காத கூட்டத்துக்குக் கழிப்பறையும் தண்ணீரும் ஊராட்சி தர வேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலையேறும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தார்கள். கைபேசி திரட்டிய கூட்டத்தைக் கைபேசியிலேயே சீட்டுக் கொடுத்து அளக்க வேண்டிய நிலை. விடுதிக்காரர்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் இதனால் பிழைப்பு போகிறது என்கிறார்கள். அவர்கள் கவலை உண்மையானது. ஆனால் இந்த மலையால் எத்தனை பேரைத் தாங்க முடியும் என்று ஒரு முறையாவது எண்ணிப் பார்க்க நீதிமன்றம் நம்மைக் கட்டாயப்படுத்தியது நல்லது என்றே நினைக்கிறேன்.

கைபேசி சாட்சியாக நின்ற நாள்களும் உண்டு. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஓர் ஆண் யானை காது கருகிய புண்ணோடு திரிந்து, சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தது. சில நாளில் ஒரு வீடியோ வெளிவந்தது. விடுதி வளாகத்துக்கு வந்த யானைமீது எரியும் பொருளை வீசுகிறார்கள், தலையில் தீயோடு அது இருட்டில் ஓடுகிறது. அதைக் கொண்டுதான் ஆட்களைப் பிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுவதற்குச் சற்று முன், அது பனிமூட்டத்துக்குள் மறைவதை ரயில் பாதையில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்திருந்தார்கள். அந்தக் கைபேசி தடயவியல் ஆய்வுக்குப் போனது.

யானை விஷயத்தில் வால்பாறைக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் கேபிள் தொலைக்காட்சியில் ஓடவிட்டார்கள். 2011 முதல் தோட்டத் தொழிலாளர் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். முச்சந்திகளில் சிவப்பு விளக்கு வைத்தார்கள், கைபேசியில் அழைத்தால் எரியும். வேலை முடிந்து லைன் வீட்டுக்குத் திரும்புகிறவர் விளக்கைப் பார்த்ததும் வேறு பாதையில் போவார். உயிரிழப்பு குறைந்தது. விலையுயர்ந்த திறன்பேசி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. யாருக்கு, எந்த நேரத்தில், எது தெரிந்தால் உயிர் பிழைப்பார் என்று முதலில் யோசித்தார்கள், கருவி பிறகு வந்தது. கூடலூர், பந்தலூர் பகுதியில் ஆண்டுதோறும் உயிர்களை இழக்கும் நமக்கு இதைவிட அவசரமான ஆய்வுப் பொருள் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்.

நீலகிரி மொழிகளின் ஆய்வு நெடுங்காலம் வெளியிலிருந்து வந்தவர்களின் குறிப்பேடுகளில் இருந்தது. மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1906இல் வந்தது. மொழியியலாளர் எமனோ 1930களில் இங்கே தங்கிக் கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் எழுதி எடுத்தார். தோடர் பாடல்கள் நூலாக வெளிவர 1971 வரை ஆனது. பால் ஹாக்கிங்ஸ், கிறிஸ்தியான் பிலோ-ரெஷூர் இருவரும் சேர்ந்து தொகுத்த படுக மொழி அகராதி 1992இல் வந்தது. இவர்கள் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனாலும் பாடியவரின் குரல் பாடியவரின் பேத்திக்குக் கிடைக்கவில்லை.

கைபேசி இதை மாற்றிவிட்டது. படுக மொழிக்குப் பழமையான எழுத்து கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் கன்னடத்தின் கீழ் வைத்து எண்ணப்பட்ட மொழி. பேசுவோர் 1,33,000க்கும் மேல். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கிறார்கள், ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்க்கிறார்கள், நாக்கை மடித்துச் சொல்லும் அதன் உயிரொலிகள் இரண்டிலும் நிற்பதில்லை. ஆகவே பெரியவர்கள் எழுதுவதை விட்டுவிட்டு வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்புகிறார்கள். ஊரில் ஒரு சாவு என்றால் எந்த ஹட்டி, யார் வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது குரலாகவே போகிறது. ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு வர முடியாமல் பெங்களூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் நேரலையில் போகின்றன. யூடியூபில் படுகப் பாட்டுக்கென்றே அலைவரிசைகள் நடக்கின்றன. எழுத்து இல்லை என்பதால் பின்தங்கியதாகக் கருதப்பட்ட மொழி, பேச்சையே அனுப்ப முடிகிற காலத்தில் எந்தத் தயக்கமும் இல்லாமல் புழங்குகிறது.

மொழியைப் போலவே கைவினையும் கைபேசிக்குள் வந்துவிட்டது. தோடர் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. மந்து எனப்படும் தோடர் ஊர்களில் தைக்கும் பெண்கள் இன்று படம் அனுப்பி ஆர்டர் வாங்குகிறார்கள். அதே படத்தைப் பார்த்து எங்கோ ஒருவர் இயந்திரத்தில் அச்சடித்த மாதிரி விற்கவும் வழி திறந்திருக்கிறது. குறியீடு சட்டத்தில் இருக்கிறது, வழக்குப் போட வேண்டியவர் கையில் ஊசி இருக்கிறது. இங்கும் தேயிலைக் கொட்டகையில் கண்ட அதே நிலைதான்.

மீண்டும் குரல் பதிவுகளுக்கு வருகிறேன். ஒரு பாட்டி தன் பேரனுக்குப் படுகத்தில் சொன்ன கதை இன்று அவன் கைபேசியில் இருக்கிறது. இடம் நிரம்பினால் அழித்துவிடுவான், திரை உடைந்தால் போய்விடும். யூடியூபில் ஏற்றிய பாட்டு அந்நிறுவனம் விரும்பும்வரை இருக்கும். வரலாற்றில் முதல்முறையாக இம்மலையின் மக்கள் தங்கள் பேச்சைத் தாங்களே ஏராளமாகப் பதிவு செய்கிறார்கள், அதைச் சேர்த்து வைக்க நாம் இன்னும் ஓர் அலமாரிகூட அமைக்கவில்லை.

ஆகவே இக்கருத்தரங்கின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நீலகிரியின் கல்லூரி நூலகங்களில் ஒன்றில் குரல் பதிவகம் ஒன்றை இந்த ஆண்டே தொடங்குவோம். விரும்பி ஒப்படைப்பவர்களின் பதிவுகளை, பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றோடு சேமிப்போம். எதை எல்லாரும் கேட்கலாம், எதைச் சமூகத்துக்கு வெளியே தரக்கூடாது என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும். சாவுப் பாடல்களையும் கோயில் பாடல்களையும் ஆய்வின் பெயரால் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பதிவின் படியும் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். செலவு அதிகமில்லை. சில வன்தட்டுகளும், தோடம், கோத்தம், படுகம், இருளம், பணியம் பேசும் மாணவர்களுக்கு உதவித்தொகையும் போதும். நாளை மாலைக் கூட்டத்தில் இதற்கென ஒரு குழு அமைக்க முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புகிறவர்கள் இடைவேளையில் என்னைப் பார்க்கலாம்.

முதல் அமர்வு பச்சைத் தேயிலை விலை பற்றியது. கட்டுரை வாசிப்பவர்கள் இருவர். ஒருவர் பொருளியல் ஆய்வு மாணவர். மற்றவர் ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் விவசாயி. தமக்கு வந்த விலைச் செய்திகளை ஆண்டுக்கணக்கில் அழிக்காமல் வைத்திருந்து, ஆலை தந்த சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அட்டவணை போட்டு வந்திருக்கிறார். அவரை முதலில் பேச அழைக்கிறேன்.