ஆறாவது சுரம்



தாராபுரத்தில் எங்கள் பங்குக் கோவிலின் பாடகற்குழுவிடம் பழைய சிந்தசைசர் ஒன்று இருக்கிறது. 1980களில் ஜப்பானில் செய்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தார் விடுமுறைக்கு வந்தபோது காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பதிவு செய்த ஒலியை எடுத்துத் தரும் இன்றைய கீபோர்டு மாதிரி அல்ல அது. கட்டையை அழுத்தும் அந்த நொடியில் மின்சுற்றுகளே ஒலியைப் பிறப்பிக்கும். அதைத்தான் அனலாக் என்கிறார்கள்.

சென்ற ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஒத்திகையில் அது கோளாறு செய்தது. தொடக்கத்தில் நன்றாகவே ஒலிக்கும். இருபது நிமிடம் போனால் பாட்டின் நடுவே ஒரு சுரம் விழுந்துவிடும். அப்புறம் வேறொரு சுரம். ஒவ்வொரு முறையும் இடம் மாறும். வாசித்தவள் கல்லூரியில் படிக்கும் எங்கள் பங்குப் பெண். நானோ குருமடத்தில் ஆர்மோனியம் வாசித்தவன். அந்தத் தைரியத்தில், "வீட்டில் பழகாமல் வந்தால் இப்படித்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "முதலில் வாசி" என்றேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை.

அவளுக்குப் பதிலாக ஒரு தம்பியை உட்கார வைத்தோம். அவனுக்கும் சுரம் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கட்டைகளுக்கு அடியில் தூசி என்று ஒருவர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பலனில்லை. ஒரு கடையில், பழசைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார்கள். கடைசியில், அமராவதிக் கரைப் பக்கம் ஒரு காலத்தில் ரேடியோ, டிவி பழுது பார்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம்.

அவர் உடனே கருவியைத் திறக்கவில்லை. அரைமணி நேரம் ஓடவிட்டார். பிறகு ஒரே கட்டையை நிதானமாகத் திரும்பத் திரும்ப அழுத்தினார். ஐந்து முறை ஒலித்தது. ஆறாவது முறை ஊமை. மறுபடி ஐந்து; மறுபடி ஊமை. பக்கத்துக் கட்டையிலும் அதே கணக்கு.

"கட்டையில கோளாறுன்னா அந்தக் கட்டை எப்பவுமே மக்கர் பண்ணோணுங்க சாமி. இது முறை வெச்சுப் படுக்குது. உள்ள ஆறு பேர் பாடறாங்க, அதுல ஒருத்தருக்குத் தொண்டை கட்டியிருக்குது."

அந்தக் கருவியில் கட்டைகள் அறுபத்தொன்று இருந்தாலும் குரல் சுற்றுகள் ஆறுதான். அழுத்துகிற கட்டைகளை வரிசையாக அந்த ஆறும் பங்கு போட்டுக் கொள்கின்றன. ஒன்று ஊமையானால், எந்தக் கட்டை அதன் முறையில் வந்து மாட்டுகிறதோ அது விழும். பார்க்கிறவருக்கு வாசிப்பவரின் விரல் தவறியது போலத்தான் தெரியும்.

பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் காத்திருந்தார். கரண்டை நிறுத்தினாலும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்குமாம். மூடியைக் கழற்றி, மறுபடி இணைப்புக் கொடுத்து, முதலில் பவர் சப்ளையை மீட்டரில் அளந்தார். "மொதல்ல சோறு சரியாப் போகுதான்னு பாக்கோணுங்க." இதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964-ல் தம் முதல் கருவிகளைச் செய்தபோது வைத்த கணக்குப்படி, ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு அரைச்சுரங்கள் என்றால், ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிசகினாலே அடுத்த சுரத்துக்குப் போய்விடும். வெயிலுக்கும் டிரான்சிஸ்டர் இடம் கொடுக்கும், சுருதி நகரும். இத்தகைய மூக் கருவி ஒன்று 1969-லேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் அதைக் கொண்டு ஓர் இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய் முதலிய நம்மவர்கள் அங்கே செய்த இசை, நாடாக்களில் பல காலம் கிடந்து, 2023-ல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தது. எனக்கு இதெல்லாம் பெரியவரின் வேலையைப் பார்த்த பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது.

எங்கள் கருவிக்குச் சோறு சரியாகவே போயிருந்தது. வரைபடம் எங்களிடம் இல்லை. அவர் அதற்காகக் கவலைப்படவில்லை. ஆறு சுற்றுகளும் ஒரே அச்சு. நன்றாக இருக்கிற ஐந்தில் ஒன்றை அளந்து, ஊமையான நான்காவதை அதோடு ஒப்பிட்டுக் கொண்டே வந்தார். பிறகு தலைமுடி காய வைக்கும் டிரையரால் மெல்லச் சூடு காட்டி, பிளாஸ்டிக் பேனாவால் தட்டினார். ஓரிடத்தில் தட்டும்போது குரல் வந்து வந்து போனது. ஈயப் பற்றில் மயிரிழை விரிசல். சூடானால் விலகும், ஆறினால் ஒட்டும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புது ஈயம் வைத்தார். எல்லாக் கருவியிலும் இவ்வளவு சுலபமில்லை. 1984-ல் வந்த ஜூனோ 106-இல் குரல் சில்லுகளின் மேல் பூசிய பிசினே வயதானபின் மின்கசிவுக்குக் காரணமாகும். சில்லைக் கழற்றி அசிட்டோனில் ஊற வைத்துத்தான் அந்தப் பிசினை நீக்குவார்கள்.

"புள்ள மேல தப்பில்லீங்க சாமி" என்றார், மூடியை முடுக்கிக் கொண்டே. யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இறையியல் படிக்கையில் யோபுவின் நண்பர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியவன் நான். துன்பப்படுகிறவனிடமே குற்றத்தைத் தேடினார்களே, அவர்களைப் பற்றித்தான்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "தப்பு என்னுடையதம்மா" என்று சொல்லி, நடந்ததை விவரித்தேன். அவள் உள்ளே போய்ப் பாட்டு நோட்டை எடுத்து வந்தாள். விழுந்த சுரங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தாள். மேலே 'ஆறுக்கு ஒன்று' என்று எழுதியிருந்தது. ஒத்திகையன்று அவள் சொல்ல வந்தது அதுதான்.

மீண்டும் வாசிக்க வருவாயா என்று கேட்டேன். "செமஸ்டர் முடியட்டும், ஃபாதர். பார்க்கலாம்" என்றாள்.