சமையலறையில் ஒளித்த ஏடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மகளிர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்வரங்கில் தமிழின் தொன்மையையும் புலவர் பெருமக்களின் புலமையையும் பிறர் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்து வருகிறோம். இவ்வாண்டு எனக்கு அளிக்கப்பெற்ற பொருள் சற்று வேறானது. நம் கதையை நாமே சொல்லுதல், எழுதுதல் என்பதே அது. எழுத்து என்பது எழுத்தாளர்க்கே உரியது, குடும்பம் நடத்தும் நமக்கு அதில் என்ன பங்கு என்னும் எண்ணம் நம்மில் பலர்க்கு உண்டு. அவ்வெண்ணத்திற்குத் தக்க விடையை, நாம் பிழைக்க வந்த இந்த வங்க மண்ணே தருகிறது.

ராசசுந்தரி தேவி என்னும் அம்மையார், இன்று வங்கதேசத்தில் உள்ள பாப்னா வட்டாரத்தில், 1809ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். பெண் படித்தால் கைம்பெண் ஆவாள் என்று ஊரார் நம்பிய காலம் அது. அவருக்குப் பன்னிரண்டு வயதில் மணமாயிற்று. புகுந்த வீடோ பெரிய குடும்பம். அடுப்படியும் பிள்ளைப்பேறுமாக நாள்கள் கழிந்தன. பன்னிரண்டு மக்களைப் பெற்றார். அவருள் பலரைத் தம் கண்முன்னே இழந்தார்.

ஆயினும் அவருள்ளத்தில் ஓர் ஆசை அணையாமல் இருந்தது. சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்பதே அது. ஏறத்தாழ இருபத்தைந்தாம் வயதில், அந்நூலின் ஏடு ஒன்றை எவரும் அறியாமல் எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். குழந்தைப் பருவத்தில் தம் வீட்டில் நடந்த பள்ளியில், சிறுவர்களோடு வாய்பேசாது அமர்ந்து கேட்ட எழுத்துகளின் நினைவு கொஞ்சம் இருந்தது. அந்நினைவையும் ஓலையையும் ஏட்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, சோறு கொதிக்கும் நேரத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கக் கற்றார். ஆசிரியர் இல்லை, ஊக்குவிப்பார் இல்லை. எவரேனும் கண்டுவிட்டால் என்னாகுமோ என்னும் அச்சம் மட்டும் நாள்தோறும் உடனிருந்தது.

படிக்கத் தெரிந்த பின்னும் எழுதத் தெரியாதிருந்தார். வெளியூரில் படித்த மகன், தன் கடிதங்களுக்கு மறுமொழி வேண்டுமென்று வற்புறுத்தித் தாளும் பேனாவும் மையும் தந்த பின்னரே எழுதவும் கற்றார். முதுமையை நெருங்கியபோது தம் வாழ்க்கையையே எழுதினார். 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', என்னும் அந்நூல் வங்க மொழியில் பெண்ணொருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று போற்றப்படுகிறது. 1897ஆம் ஆண்டில், ஏறத்தாழ எண்பத்தெட்டு வயதில், புதிய பகுதியையும் சேர்த்து அதனை வெளியிட்டார்.

அன்பர்களே, அந்நூலில் என்ன இருக்கிறது? போர் இல்லை; அரசவை இல்லை. வேலை மிகுதியாலும் விருந்தினர் வருகையாலும் உணவு கொள்ளாமலே கழிந்த பொழுதுகள் இருக்கின்றன. கணவரின் குதிரை முற்றத்தில் நின்றபோது, அது கணவருடையதாயிற்றே, அதன் முன் எப்படி வருவது என்று நாணி உள்ளே ஒளிந்துகொண்ட கதையும் இருக்கிறது. பின்னாளில் அதனை எண்ணி அவரே நகைக்கிறார். தாம் அஞ்சியதை எழுதிப் பார்த்து நகைக்க முடிந்ததே, அதுவன்றோ அச்சத்தினின்று விடுதலை!

நகைப்பு மட்டுமன்று, ஆறாத துயரமும் உண்டு. தாயாரின் இறுதிக் காலத்தில் அருகிருந்து பணிசெய்ய அவருக்கு இயலாமற் போயிற்று. மகனாகப் பிறந்திருந்தால் பறந்து சென்றிருப்பேனே என்று மனம் நொந்து எழுதுகிறார். கணவரை அவர் பழிக்கவில்லை; மரியாதையோடே குறிப்பிடுகிறார். எனினும் பெண்ணாய்ப் பிறந்ததனால் தமக்கு மறுக்கப்பட்டது இன்னது என்பதை மறைக்கவும் இல்லை. பணிவும் உண்மையும் ஒரே ஏட்டில் ஒருங்கே அமர முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் தமிழகத்திலும் இத்தகையோர் உண்டு. 1901ஆம் ஆண்டில் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாள் குழந்தைப் பருவத்திலேயே மணமானவர். பள்ளி சென்று பயிலாதவர். ஆனால் கதை சொல்லுவதில் வல்லவர். எழுதப் பழகாத காலத்தில் 'இந்திரமோகனா' என்னும் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழியார் ஒருவர் எழுதினார். பின்னர்த் தாமே எழுதப் பழகி, 'ஜகன்மோகினி' இதழை 1925ஆம் ஆண்டு முதல் நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார், மேடையில் பேசினார், நாட்டு விடுதலைக்காகச் சிறையும் சென்றார். அத்துணைத் துணிவுக்கும் முதற்படி, சுற்றியிருந்தோர்க்குக் கதை சொன்ன அந்தப் பழக்கமே.

நிற்க. இவர்கள் பெரியோர், நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் தாயார் 1958ஆம் ஆண்டில் புதுமணப் பெண்ணாக இவ்வூருக்கு வந்தவர். அவர் மறைந்த பின், அவர் கையெழுத்தில் எங்களுக்குக் கிடைத்தது பால் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றே. தேதியும் அளவும் விலையுமாகப் பக்கங்கள் நிறைந்திருந்தன. ஓரிடத்தில் மட்டும், கணக்கின் ஓரத்தில், 'இன்று முதல் அரை சேர் குறைத்தேன். எனக்குப் பால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். அம்மாவுக்குப் பால் பிடிக்காது என்றே நாங்கள் அனைவரும் நம்பி வளர்ந்தோம். அந்த இரண்டு வரிகள் இல்லையேல் இன்றும் அவ்வாறே நம்பியிருப்போம். எவரிடமும் சொல்ல முடியாததை அத்தாளிடம் சொல்லிவிட்டு, மறுநாளும் அவர் சிரித்த முகத்தோடு எங்களுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்.

துயரம் மனத்துள் கிடக்கும்வரை அதற்கு எல்லை தெரிவதில்லை. எழுத்தில் வைத்துவிட்டால் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிடுகின்றன. 'நடந்தது இவ்வளவுதான், இதையும் தாங்கினேன்' என்று நம்மை நாமே பார்க்க முடிகிறது. எழுதுவதால் வரும் துணிவு என்று நான் கூறுவது இதனைத்தான்.

'வீட்டுச் செய்தியை வீதிக்குக் கொண்டுவரலாமா?' என்று சில பெரியோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் எழுதியவர்க்குப் பயன் உண்டு. பிறர் மனம் புண்படுமென்று தோன்றுவதை ஆறப்போடலாம். ஆனால் உண்மையை மாற்றி எழுதலாகாது.

எவ்வாறு தொடங்குவது? இலக்கண நடையைத் தேட வேண்டா. பேசுவது போலவே எழுதுங்கள். பெரிய நிகழ்ச்சியைத் தேட வேண்டா. ஹௌரா நிலையத்தில் முதன்முதல் இறங்கிய நாளில் கையில் என்ன மூட்டை இருந்தது, முதல் வாடகை எவ்வளவு, முதற்பொங்கலுக்கு மஞ்சட்கொத்து எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். கண்பார்வை மங்கிய பாட்டிமார் சொல்லட்டும், பேரன் பேத்தியர் எழுதட்டும். தமிழ் எழுத்து அறியாத குழந்தை வங்க எழுத்திலேனும் அத்தமிழைக் குறித்துக்கொள்ளட்டும். பாட்டியின் கதைக்காகவே பின்னர்த் தமிழ் எழுத்தைக் கற்றாலும் கற்கும். எழுத்துப்பிழை கண்டு குழந்தையைக் கடியாதீர்கள். முதலில் கதை வரட்டும்.

இக்குடியிருப்புக்கு முதன்முதல் வந்தவர்களில் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்கள் எப்படி வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதனால் நிலைத்தார்கள் என்பதை வேறெந்த நூலகத்திலும் காண இயலாது. ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தை வெற்றிடமாக விடாதீர்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் ஏட்டை ஒளித்துவைக்க வேண்டிய நிலை இன்று இல்லை. மேசைமேல் வைத்தே எழுதலாம்.